யாருடைய காதுக்குப் பூஜ்ஜியம்?

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பாஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு அதன்பிறகு தொடவே தொடாதவர்கள் ஒரு வகை. படத்துக்குப் படம், பாட்டுக்குப் பாட்டு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு இரண்டாம் வகையினர்மேல் ஓர் இளக்காரம் உண்டு. ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்பே உப்பு கேட்கிறவனைப் பார்க்கும் சமையல்காரரின் இளக்காரம் அது. அவர்கள் வாதம் எளிமையானது. ஓர் இயக்குநரும் ஒலிக்கலவை செய்தவரும் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார்கள். படைச்சவன் எப்படி வச்சானோ அப்படியே கேளு, அதுல கை வைக்க நீ யாரு?

இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பொறியியல் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும் ஓர் அறவாதம் இது. ‘ஹை ஃபிடலிட்டி’ என்ற பெயருக்குள்ளேயே விசுவாசம் என்ற சொல் இருக்கிறது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கிறவர் தனக்குப் பிடித்த சொல்லை உள்ளே நுழைக்கக் கூடாது. கிடைத்த பாடத்தைக் கிடைத்தபடி கொடுக்க வேண்டும், பாடபேதம் இருந்தால் அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். அதே ஒழுக்கத்தை ஒலி விஷயத்திலும் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த மூல ஏடு எங்கே இருக்கிறது என்று தேடப் போனால்தான் சிக்கல்.

முதலில் ரிமோட்டில் தெரியும் அந்தப் பூஜ்ஜியம். 1952இல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் ஒரு சர்க்யூட்டை வெளியிட்டார். கீழ் ஒலிகளையும் மேல் ஒலிகளையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். குமிழை நடுவில் வைத்தால் அது எதையும் தொடாமல் அப்படியே கடத்திவிடும். அதற்குப் பிறகு பாஸ், ட்ரெபிள் என்று இரண்டு குமிழ் வைத்து வந்த எண்ணற்ற ஆம்ப்ளிஃபயர்கள் அதன் வாரிசுகள். இப்போது அதே வேலையைச் சிப்புக்குள் ஓடும் சில வரிக் கணக்கு செய்கிறது. பூஜ்ஜியம் என்றால் ‘இந்தக் கட்டத்தில் நான் எதையும் மாற்றவில்லை’ என்று அந்தக் கணக்கு கொடுக்கும் உறுதிமொழி. அவ்வளவுதான். தனக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு என்று ஒவ்வொரு டீமும் சத்தியம் செய்யும். வாடிக்கையாளர் திரையில் மட்டும் தொகை தப்பாக இருக்கும்.

பின்னால் நடப்பதில் பெரியது அறை. 12 அடி நீளமுள்ள ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எந்த ஒலியின் அரை அலைநீளம் கச்சிதமாகப் பொருந்துகிறதோ அது அந்த அறையில் தேங்கி நிற்கும். 12 அடிக்கு அது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ், வெடிச்சத்தத்தின் அடிவயிறு. சுவரை ஒட்டி சோபா போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது நெஞ்சில் இடிக்கும். நடு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு அதே நொடியில் அந்த ஒலி கிட்டத்தட்ட இருக்காது. ஒரே படம், ஒரே ரிமோட், ஒரே பூஜ்ஜியம். இயக்குநருக்கு விசுவாசமாக இருப்பது சோபாவா, பாயா?

சரி, முன்னால் போய்ப் பார்ப்போம். ஒலிப்பதிவுக் கூடத்திலாவது மூல ஏடு இருக்க வேண்டுமே. 1978இல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரை வீட்டு உபயோகத்துக்கென்று வெளியிட்டது. அங்கே அது பெரிதாக எடுபடவில்லை. பாஸ் குறைவு, மேலொலி குத்தும். ஆனால் வெள்ளைக் கூம்பு வைத்த அந்தக் கறுப்புப் பெட்டி எண்பதுகளில் உலகமெங்கும் ஒலிக்கூடங்களில் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதிலேயே நல்லா கேட்டா எதுலயும் நல்லா கேக்கும் என்பது நம்பிக்கை. குத்தல் தாங்காத ஒலிப்பொறியாளர்கள் அதன் ட்வீட்டர்மேல் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டார்கள். அப்புறம் எந்த டிஷ்யூ நல்லது என்று ஒரு தனி விவாதமே நடந்தது. நாம் கை வைக்கவே கூடாது என்று நினைக்கும் எத்தனையோ பாடல்களின் ட்ரெபிளை ஒருவர் காகிதத் தாள் வழியாகக் கேட்டுத்தான் தீர்மானித்திருக்கிறார். ஃபிளாய்ட் டூல் என்ற கனடிய ஒலியியலாளர் இந்த நிலைமைக்குக் குழப்ப வட்டம் என்று பெயர் வைத்தார். பாட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று ஸ்பீக்கரை வைத்து முடிவு செய்கிறோம். ஸ்பீக்கர் நல்லதா என்று அந்தப் பாட்டை வைத்து முடிவு செய்கிறோம்.

இதெல்லாம் வெளியே இருக்கும் சிக்கல்கள். காதுக்குள் இருப்பது இன்னும் பெரியது. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் மனிதக் காது எந்த ஒலியை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று அளந்து வரைபடமாகப் போட்டார்கள். காது நேர்கோடு இல்லை. சத்தம் குறையக் குறைய நமக்குக் கீழ் ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாகக் காணாமல் போகின்றன. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்குக் கேட்கும் ஒலியின் அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமென்றால் அதை 70 டெசிபலுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். இதை வைத்து நம் சுத்தவாதியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். திரைப்படக் கலவைக் கூடங்களில் 85 டெசிபல் என்ற அளவுகோலுக்கு ஒலியைப் பூட்டிவிட்டு வேலை செய்வது வழக்கம். அந்தச் சத்தத்தில் கேட்டுத்தான் பேச்சு இவ்வளவு, இடி இவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள். நாம் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சத்தத்தில் பாதிகூட வைப்பதில்லை. அப்போது பாஸைப் பூஜ்ஜியத்திலேயே விட்டால் இயக்குநர் கேட்ட இடி நமக்குக் கேட்காது. அவர் கேட்டதைக் கேட்க வேண்டுமென்றால் பாஸை ஏற்றியாக வேண்டும். விசுவாசமாக இருக்க வேண்டுமென்றாலே கை வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. காது வந்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும் உறுப்பு இல்லை. பழைய டெலிஃபோன் இணைப்பு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காகக் கடத்தாது. ஆண்குரலின் அடிநாதமோ பெரும்பாலும் 100, 120 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அது கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் மாமாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகவே கேட்டது. மேலே வரும் கிளைச்சுரங்களை வைத்துக் கீழே என்ன இருந்திருக்கும் என்று மூளை ஊகித்து நிரப்பிவிடுகிறது. இளையராஜாவின் பாஸ் கிட்டாரை ஒரு தலைமுறை இப்படித்தான் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் வைத்த ட்ரான்சிஸ்டரில் கேட்டது. அந்த ஸ்பீக்கரிலிருந்து உண்மையில் வந்தது கொஞ்சம்தான். மிச்சத்தைக் கேட்டவர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஃப்ளெட்சர், மன்சன் வரைபடம் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. அளவு குறைந்த சத்தத்துக்கான அந்த வளைவின் சாயலில்தான் டெசிபல் மீட்டர்களுக்கான ‘ஏ’ எடையிடல் என்ற முறை வந்தது. காதுக்கு எது குறைவாகக் கேட்குமோ அதை மீட்டரும் குறைத்துக் கணக்கெடுக்கட்டும் என்பது யோசனை. 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து ஏறக்குறைய 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் அந்த மீட்டர் எண்ணைக் காட்டும். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் எல்லை, பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45. அந்த எண்களும் இந்த ‘ஏ’ கணக்கில்தான்.

எங்கள் அபார்ட்மெண்டில் மேல்வீட்டுத் தம்பி நல்ல பையன். புதிதாக சப்வூஃபர் வாங்கினார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் என் படுக்கையறைக் கூரையிலிருந்து ‘உம்… உம்…’ என்று ஒன்று வரும். பாட்டில்லை, பேச்சில்லை, துப்பாக்கி வெடிப்பதுகூட இல்லை. உம் மட்டும். ட்ரெபிள் வீட்டோடு இருக்கும். திரைச்சீலையும் மெத்தையும் அதைப் பிடித்து வைத்துவிடும். பாஸ் ஊர் சுற்றும். அதன் அலை பல மீட்டர் நீளம். நாலரை இன்ச் செங்கல் சுவர் அதற்குப் பெரிய தடை இல்லை. காங்கிரீட் தளமோ அதற்குச் சாலை மாதிரி. மொபைலில் ஒரு டெசிபல் ஆப் போட்டுப் பார்த்தேன். 36 காட்டியது. விதிப்படி என் அறை அமைதியாக இருக்கிறது. மேலே போய்ச் சொன்னபோது அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “சார், வால்யூம் பன்னெண்டுலதான் சார் இருக்கு. நீங்களே வந்து பாருங்க.” பார்த்தேன். பன்னிரண்டில்தான் இருந்தது. அவர் அறையில் நின்றால் அது சத்தமாகவும் இல்லை. நான் மேலே சொன்ன அறிவியல்படியே, குறைந்த சத்தத்தில் பாஸ் காணாமல் போகிறது என்று அவர் அதை ஏழுக்கு ஏற்றி வைத்திருந்தார். நியாயமான காரியம். அவர் காதுக்கு.

என் வீடு, என் காது, என் ரிமோட் என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ரசனை தனிப்பட்டது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் எந்த ரசனை எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது எவ்வளவு தனிப்பட்டது என்பது மாறும். மேல்வீட்டுத் தம்பி ட்ரெபிளைப் பத்துக்கு ஏற்றினால் அது அவர் பாடு. பாஸை ஏழுக்கு ஏற்றினால் அதில் எனக்கும் ஒரு ஓட்டு வேண்டும். மீட்டர் என் பக்கம் பேசாது, சட்டம் என் பக்கம் பேசாது. அவரிடம் என்னால் சொல்ல முடிந்தது ‘எனக்குக் கேட்கிறது’ என்ற ஒரே சாட்சியம்தான். அவர் அதை நம்பினார். பதினொரு மணிக்கு மேல் மைனஸ் நாலு என்று முடிவானது. சப்வூஃபருக்கு அடியில் நுரைமெத்தையும் போட்டார். அதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, நம்பியதால்தான் மாறியது.

அப்போ சரியான ஒலி என்று ஒன்றே கிடையாதா, ஆளாளுக்கு ஒன்றுதானா என்று கேட்டால், அதுவும் இல்லை. கர்நாடக சங்கீதத்தில் பாடகர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையைத் தேர்ந்தெடுத்துச் சுருதி வைத்துக்கொள்கிறார். ஒருவர் ஒரு கட்டை, இன்னொருவர் ஐந்தரைக் கட்டை. உலகத்துக்கெல்லாம் பொதுவான ஸட்ஜம் அங்கே கிடையாது. அதற்காக அபஸ்வரம் இல்லாமல் போய்விடவில்லை. டூல் செய்த சோதனைகளிலும் இதற்கு நெருக்கமான ஒன்று வந்தது. ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்து, விலையும் பெயரும் தெரியாமல் ஆட்களைக் கேட்கவிட்டார். ரசனை ஆளுக்கு ஆள் சிதறிப்போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் பெரும்பாலோர் ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள், எந்த அதிர்வெண்ணும் துருத்திக்கொண்டு நிற்காதவற்றை. பளபளக்கும் பெட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் தீர்ப்பு கோணிக்கொண்டு போனது. டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரை இதைப் படித்தபோது ஞாபகம் வந்தது. டான் கிஹோட்டேயிலிருந்து ஒரு கதையை அதில் எடுத்துச் சொல்வார். ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்த்த இருவரில் ஒருவர் தோல் வாசனை என்றார், மற்றவர் இரும்பு வாசனை என்றார். ஊர் சிரித்தது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடந்தது.

ஹியூமின் கட்டுரையில் வேறொரு இடம்தான் என்னை உறுத்துவது. காய்ச்சலில் இருப்பவனிடம் ருசியைப் பற்றியும், மஞ்சள்காமாலைக்காரனிடம் நிறத்தைப் பற்றியும் தீர்ப்புக் கேட்க மாட்டோம், புலன் நல்ல நிலையில் இருப்பவர்கள்தான் அளவுகோல் என்பார். டூலும் அதே இடத்துக்கு வருகிறார். காது கொஞ்சம் மந்தமானவர்களின் தீர்ப்பு ஒருமுறை போல் இன்னொருமுறை இருப்பதில்லை என்று கண்டார். நல்ல ஸ்பீக்கர் எது என்று அறிய அமர்த்தும் குழுக்களில் செவித்திறனைச் சோதித்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஸ்பீக்கரைத் தரம் பிரிப்பதற்கு இது சரியான முறை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஸ்பீக்கர் கடைசியில் போய் உட்காரும் ஹாலில், சோதனையில் கழித்துவிடப்பட்ட காதும் ஒன்று சோபாவில் உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவுக்கு 72 வயது. எல்லோருக்கும் போல அவருக்கும் மேல் ஒலிகள்தான் முதலில் போயின. உயிரெழுத்துகளின் வலு கீழே இருக்கிறது, அது அவருக்கு நன்றாகவே கேட்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை மேலே இருக்கிறது. கட்டு, பட்டு, தட்டு மூன்றும் அவருக்கு ஒரே சொல்லாகி வருகின்றன. ‘கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல’ என்று வயதானவர்கள் சொல்வது துல்லியமான விவரணை. வால்யூமை ஏற்றினால் கேட்பதுதான் இன்னும் அதிகம் கேட்கும். கேட்காதது அப்படியேதான் இருக்கும். அவருக்குத் தேவை ட்ரெபிளில் ப்ளஸ் ஆறு, பேச்சு வரும் நடு ஸ்பீக்கரில் ஒரு மூன்று டெசிபல், பாஸ் மைனஸில். அந்த அமைப்பில் எனக்குப் படம் தகரத்தில் ஆணியால் கீறுவது மாதிரி இருக்கும்.

மேல்வீட்டுப் பிரச்சினையில் நடுவில் ஒரு தளமாவது இருந்தது. இங்கே ஒரே சோபா. ஒலியியல் என் பக்கம் நிற்கிறது, இயக்குநரும் என் பக்கம்தான், ஹியூமும்கூட. ஆனாலும் ஒரு படத்தின் வசனம் புரியாமல் இரண்டரை மணி நேரம் மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கிற ஒருவர் பக்கத்தில் இருக்கையில், சரியான ட்ரெபிள் யாருடையது என்ற கேள்வியே எனக்கு அபத்தமாகப் படுகிறது. நான் பாதி ரசித்தாலும் படம் எனக்குப் புரியும். அவருக்குப் புரிவதற்கே அது வேண்டும். இரண்டு இழப்பும் ஒரே எடை இல்லை. அதனால் வீட்டில் படம் என்றால் அவர் அமைப்பு. எனக்கு ஹெட்ஃபோன் இருக்கிறது, தனியாக இன்னொருநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இதை அவரிடம் சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி. “காதெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. இப்ப வர்ற பசங்க வாயத் தொறந்து பேசமாட்டேங்கறாங்க” என்பது அவர் கட்சி. அதில் பாதி உண்மையும் இருக்கிறது, வசனம் புரியவில்லை என்ற புகாரை இளைஞர்களே சொல்கிறார்கள். சொல்லாமல் ஏற்றி வைத்தால், “இந்தப் படத்துல பேச்சு நல்லா எடுத்திருக்கான்” என்று இயக்குநருக்குப் பாராட்டு போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருடைய குறையை அவருக்குத் தெரியாமல் சரிசெய்துகொண்டே போவது, அவர் காது விஷயத்தில் அவரை விட்டுவிட்டு நான் முடிவெடுப்பது. ஹாலில் மட்டும் கேட்டால் போதாது, பேங்க் கவுண்டரில் ரிமோட் கிடையாது. ஒருநாள் படத்தை நிறுத்தி, ட்ரெபிளைப் பூஜ்ஜியத்துக்கும் ப்ளஸ் ஆறுக்கும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ரெண்டு வாரம் கழித்து, “அந்த டாக்டர்ட்ட எப்ப போலாம்?” என்று அவரே கேட்டார்.

காது கேட்கும் கருவி என்பது பாக்ஸண்டால் சர்க்யூட்டின் தூரத்துப் பேத்தி. 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, அந்த ஒரு காதுக்கென்று தனியாக ஏற்றி இறக்கியது. ஆடியாலஜிஸ்ட் லேப்டாப்பில் கோட்டை இழுத்துக்கொண்டே “இப்ப எப்படி இருக்கு ஐயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். சூத்திரம் சொல்லும் அளவை அவர்கள் முதல் நாளே கொடுப்பதில்லை. பல வருஷம் மேல் ஒலியே இல்லாமல் பழகிய மூளையால் அதைத் தாங்க முடியாது, கொஞ்சம் குறைத்துத் தொடங்கிப் பல வாரங்களில் ஏற்றுவார்கள். குறைத்து வைத்ததே அப்பாவுக்கு அதிகமாக இருந்தது. ஃபேன் இவ்வளவு சத்தமாவா சுத்துது என்றார். பேப்பர் மடிக்கிற சத்தமும் கடுகு வெடிக்கிற சத்தமும் காதுக்குள் நடப்பதுபோல் இருக்கிறது என்றார். இன்னும் குறைக்கச் சொன்னார். பேச்சு புரிய அது வேண்டும் என்றார் ஆடியாலஜிஸ்ட். சூத்திரத்துக்கும் அவருக்கும் நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் இப்போதைக்கு நின்றிருக்கிறது.

ஹாலில் இப்போது ட்ரெபிளைக் குறைக்கச் சொல்வது அவர்தான். படம் என்றால் கருவியோடு உட்கார்கிறார். எண்பதுகளின் பாட்டு என்றால் மட்டும் இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார். ஏன்ப்பா என்று கேட்டேன். “பாட்டுக்கு இதெல்லாம் வேணாம்டா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”